சமூக விலக்கும் அதன் விளைவுகளும்
(ஆசிரியர்களுக்கும் களப்பணியாளர்களுக்கும் உரிய பாடம்)

ஒருவனை அடித்தால் உடலில் தழும்பு எஞ்சுகிறது. ஏசினால், அந்த ஏச்சைக் கேட்ட சாட்சி ஒருவராவது இருப்பார். ஆனால், அவனோடு பேசாமலும், அவன் பேசினால் மறுமொழி கூறாமலும், அவன் அங்கே இல்லாததுபோல் நடந்துகொண்டால், அடையாளம் எதுவும் எஞ்சுவதில்லை. எவரும் எதையும் செய்ததாகவே தோன்றுவதில்லை. இந்தச் செய்யாமையும் ஒரு செயலே என்பதும், அது மனிதனுடைய மனத்தையும், சிந்திக்கும் ஆற்றலையும், சிற்சில வேளைகளில் உடல் நலத்தையும் கெடுக்கிறது என்பதும், சென்ற முப்பது ஆண்டுகளில் மனோதத்துவ அறிஞர்கள் பரிசோதனைகளின் வாயிலாகத் தெளிவுபடுத்தியுள்ள உண்மைகளாகும்.

பள்ளிகளிலும் சிற்றூர்களிலும் பணிபுரிவோர் இவ்வுண்மைகளை அறிந்திருத்தல் அவசியம். அடியும் வசையும் முறையீடாக நம்மிடம் வந்து சேர்கின்றன. விலக்கு அவ்வாறு வந்து சேர்வதில்லை. அதை நாமே தேடிக் காணவேண்டியுள்ளது.

1. விலக்கு என்னும் தண்டனை

ஒருவரைக் கூட்டத்திலிருந்து விலக்கிவைத்தல் மிகப் பழமையான தண்டனையாகும். கி.மு. 5ஆம் நூற்றாண்டில் ஏதென்ஸ் நகரக் குடிமக்கள், நகருக்குத் தீங்கு விளைக்கக்கூடும் என்று கருதிய செல்வாக்குள்ள ஒருவரின் பெயரை ஓட்டுச் சில்லில் கீறி வாக்களித்து அவரை வெளியேற்றினர். அங்ஙனம் வெளியேற்றப்பட்டவர் 10 ஆண்டுகள் கழித்துத் திரும்பி வரலாம்; அவருடைய சொத்தும் பறிபோவதில்லை. விலக்கைக் குறிக்கும் 'ஆஸ்ட்ரசிஸம்' என்னும் ஆங்கிலச் சொல், அந்த ஓட்டுச் சில்லின் கிரேக்கப் பெயரிலிருந்து பிறந்ததே.

நம் நாட்டுச் சிற்றூர்களில் வழங்கிவந்துள்ள விலக்குக்கு இத்தகைய கால வரையறை கிடையாது. வடநாட்டில் இதனை 'ஹூக்கா-பானீ பந்த்' என்பர்; புகைக் குழலையும் தண்ணீரையும் அவனோடு பகிர்ந்துகொள்வது நின்றுவிட்டது என்பது பொருள். மராத்தியில் 'வாளீத் டாகணே' என்பர். தமிழில் 'ஊர்விலக்கு' என்றும், 'தள்ளிவைத்தல்' என்றும் வழங்குகிறோம். பெயர்கள் வேறாயினும் முறை ஒன்றே. கடைக்காரர் பண்டம் கொடார். பொதுக் கிணற்றில் இடம் இராது. திருமணத்துக்கும் சாவுக்கும் எவரும் வாரார்.

இஃது அறிவித்துச் செய்யும் விலக்கு. அறிவிக்காமலே நிகழும் விலக்கு இன்னும் பரவலானது. வகுப்பில் ஒரு குழந்தையின் அருகில் எவரும் அமராதிருப்பதும், அலுவலகத்தில் ஒருவருக்கு மட்டும் செய்தி சொல்லாதிருப்பதும், வீட்டிலே ஒருவரோடு நாட்கணக்கில் பேசாதிருப்பதும் இவ்வகையைச் சேர்ந்தவை. ஆராய்ச்சியாளர்கள் பெரும்பாலும் பரிசோதித்திருப்பது இந்த இரண்டாவது வகையையே.

2. பந்து எறியும் பரிசோதனை

விலக்கைப் பரிசோதனைச் சாலைக்குள் கொண்டுவந்தவர்களுள் முதன்மையானவர் அமெரிக்க அறிஞர் கிப்ளிங் வில்லியம்ஸ். ஒருநாள் அவர் பூங்காவொன்றில் அமர்ந்திருந்தபோது, இருவர் எறிந்து விளையாடிய வட்டத் தட்டு அவரருகில் வந்து விழுந்தது. அதை எடுத்து எறிந்தார். அவர்கள் மீண்டும் அவர்பால் எறியவே, அவரும் ஆட்டத்தில் கலந்துகொண்டார். சிறிது நேரம் சென்றதும் அவ்விருவரும் அவர்பால் எறிவதை நிறுத்திவிட்டுத் தமக்குள்ளேயே விளையாடலாயினர். முன்பின் அறியாதவர்கள், அற்பமான விளையாட்டு. எனினும், தமக்கு உண்டான வருத்தத்தின் அளவைக் கண்டு அவரே வியப்புற்றார். அவ்வனுபவமே பின்னர் ஒரு பரிசோதனை முறையாயிற்று.

அம்முறை பிற்காலத்தில் கணிப்பொறி விளையாட்டாக அமைக்கப்பெற்றது. திரையில் மூன்று உருவங்கள் பந்தெறிகின்றன. அவற்றுள் ஒன்றை இயக்குபவர் பரிசோதனைக்கு வந்தவர். மற்ற இரண்டையும் வேறிருவர் இயக்குவதாக அவர் எண்ணுகிறார். உண்மையில் அவை கணிப்பொறியால் இயங்குகின்றன. தொடக்கத்தில் சிலமுறை பந்து அவரிடம் வருகிறது, பின்னர் வருவதேயில்லை. ஆட்டம் சில நிமிடங்களில் முடிந்துவிடுகிறது. வில்லியம்ஸும் அவருடைய துணைவர்களும் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில் 62 நாடுகளைச் சேர்ந்த 1,486 பேர் இவ்வாட்டத்தில் பங்கு பெற்றனர். பந்து கிடைக்காதவர்களின் மனநிலை தாழ்ந்தது. தாம் எவரோடும் சேராதவர் என்னும் உணர்வு அவர்களிடம் மிகுந்தது.

நான்கு அடிப்படைத் தேவைகளை விலக்கு ஒருங்கே தாக்குகிறது என்று வில்லியம்ஸ் கூறுவர். முதலாவது, பிறரோடு சேர்ந்திருக்கும் தேவை. இரண்டாவது, தன்மதிப்பு. மூன்றாவது, தன் செயலால் ஏதேனும் நிகழும் என்ற நம்பிக்கை. நான்காவது, தான் இருப்பதற்குப் பொருள் உண்டு என்னும் உணர்வு. ஒருவனோடு சண்டையிடுபவன்கூட அவன் இருப்பதை ஒப்புக்கொள்கிறான். விலக்கிவைப்பவன் அதையும் ஒப்புக்கொள்வதில்லை. விலக்கு ஏனைய கொடுமைகளினின்றும் வேறுபடுவது இதனாலேயே.

3. காரணம் அறிந்தாலும் வலி குறைவதில்லை

பின்வந்த பரிசோதனைகள் மேலும் வியப்பான முடிவுகளைத் தந்தன. எதிரே விளையாடுவது கணிப்பொறியே என்று முன்னரே சொல்லிவிட்டபோதும், பந்து கிடைக்காதவர்கள் வருந்தினர். இது 2004இல் வெளிவந்த முடிவு. பந்து வந்தால் பணம் இழக்கும்படி ஆட்டத்தை மாற்றியமைத்தபோதும் வருத்தம் நீங்கவில்லை. இது 2006இல் வெளிவந்தது. தாம் வெறுக்கும் ஒரு கூட்டத்தினர் தம்மை விலக்கினாலும் மனம் புண்பட்டது என்று 2007இல் மற்றோர் ஆய்வு காட்டியது.

இதிலிருந்து பெறப்படுவது யாதெனின், விலக்கை உணரும் மனம் முதற்கணத்தில் காரணத்தை ஆராய்வதில்லை. சூடு பட்ட கையைப்போல் உடனே துடிக்கிறது. ஆகையால், விலக்கப்பட்ட சிறுவனிடம், "அவர்கள் பேசாவிட்டால் உனக்கென்ன?" என்று கேட்பது பயன் தராது. அவன் பலவீனன் அல்லன்; மனித இயல்பு அவ்வாறு அமைந்துள்ளது.

4. மூன்று நிலைகள்

விலக்கின் விளைவை வில்லியம்ஸ் மூன்று நிலைகளாகப் பகுப்பர்.

முதல் நிலை, உடனே எழும் வலி. இதில் மனிதருக்கு மனிதர் வேறுபாடு குறைவு.

இரண்டாம் நிலை, எண்ணிப் பார்த்து எதிர்வினை புரிதல். இங்கே வழிகள் பிரிகின்றன. சிலர் மீண்டும் சேர்த்துக்கொள்ளப்பட வேண்டி, பிறர் சொற்படியெல்லாம் நடக்கத் தலைப்படுகின்றனர். தகாத கூட்டத்திலும் சேர ஒருப்படுகின்றனர். வேறு சிலர் சினம் கொண்டு, தம்மைக் கவனித்தே தீரவேண்டிய நிலையைப் பிறருக்கு உண்டாக்குகின்றனர். விலக்கப்பட்டதாக உணர்ந்தவர்கள் மற்றவரைக் காட்டிலும் கடுமையாக நடந்துகொண்டதை 2001இல் வெளிவந்த பரிசோதனைகள் காட்டின.

மூன்றாம் நிலை, நெடுங்காலம் விலக்கப்பட்டவர்களுக்கு உரியது. முயற்சி ஓய்ந்துவிடுகிறது. தனிமையும் சோர்வும் செயலற்ற மனநிலையும் 'நான் எதற்கும் தகுதியில்லாதவன்' என்னும் எண்ணமும் நிலைத்துவிடுகின்றன.

ஆசிரியர்கள் இங்கு ஒன்றைக் கருதவேண்டும். இரண்டாம் நிலையிலுள்ள மாணவன் குறும்பு செய்வதால் நம் கண்ணில் படுகிறான், தண்டனையும் பெறுகிறான். மூன்றாம் நிலையிலுள்ள மாணவனோ எவருக்கும் தொந்தரவு கொடுப்பதில்லை. 'சாதுவான பிள்ளை' என்று பெயரெடுக்கிறான். இருவருள் மிகுதியாக உதவி வேண்டுபவன் அந்தச் சாதுவான பிள்ளையாக இருக்கலாம்.

5. அறிவாற்றலும் மூளையும்

2002ஆம் ஆண்டில் ராய் பௌமைஸ்டரும் துணைவர்களும் வெளியிட்ட ஆய்வில், கல்லூரி மாணவர் சிலரிடம், "உங்கள் பிற்கால வாழ்க்கை தனிமையில் கழியும்" என்று பரிசோதனைக்காகக் கூறப்பட்டது. வேறு சிலரிடம், "விபத்துக்கள் நேரும்" என்று கூறப்பட்டது. பிறகு அறிவுத் தேர்வு நடைபெற்றது. தனிமையைப் பற்றிக் கேட்டவர்கள், ஆராய்ந்து விடை காணவேண்டிய கேள்விகளில் பின்தங்கினர். நெட்டுருச் செய்து ஒப்பித்தல் போன்ற எளிய வேலையில் அவ்வாறு பின்தங்கவில்லை. விபத்தைப் பற்றிக் கேட்டவர்களுக்கும் இக்குறை நேரவில்லை. எல்லாக் கெட்ட செய்தியும் அறிவைக் குலைப்பதில்லை. தனித்துவிடப்படுவோம் என்னும் செய்தியே குலைத்தது. முடிவில் மாணவர் அனைவருக்கும் உண்மை விளக்கப்பட்டது.

2003ஆம் ஆண்டில் நவோமி ஐஸன்பெர்கரும் துணைவர்களும், பந்து விளையாட்டின்போது 13 பேரின் மூளையைப் படம் பிடித்தனர். உடல் வலியின்போது தூண்டப்படும் ஸிங்குலேட் என்னும் பகுதி, விலக்கப்பட்டபோதும் தூண்டப்பட்டது. இம்முடிவு பெரிதும் பேசப்பட்டது. எனினும், விஞ்ஞானம் ஒரு முடிவோடு நின்றுவிடுவதில்லை. அப்பகுதி வேறு பல அனுபவங்களிலும் தூண்டப்படுகிறது என்பதைப் பலர் எடுத்துக்காட்டினர். உடல் வலியும் புறக்கணிப்பின் வலியும் ஒரே இடத்தில் தோன்றினும் அவற்றின் உள்ளமைப்பு வேறு வேறு என்று 2014இல் ஓர் ஆய்வு கண்டது. ஆகையால், 'இரண்டும் ஒரே வலிதான்' என்று மாணவர்களுக்குக் கற்பித்தல் கூடாது. விலக்கு, மூளையில் பதியும் உண்மையான துன்பம் என்று கூறுதலே பொருந்தும்.

மேற்கூறியவற்றுள் பெரும்பாலானவை சில நிமிடப் பரிசோதனைகள். பங்கு பெற்றோருள் கல்லூரி மாணவர் மிகுதி. ஆண்டுக்கணக்கில் நீளும் விலக்கைப் பரிசோதனையாகச் செய்து பார்க்க எவருக்கும் உரிமையில்லை. அதை அறிய நாம் சமூகத்தையே நோக்கவேண்டும். நம் நாட்டில் நடைபெற்ற ஆய்வொன்று இங்கே வழிகாட்டுகிறது.

6. உத்தரப் பிரதேசத்தில் ஓர் ஆய்வு

உலக வங்கியைச் சேர்ந்த கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே ஆகிய இரு பொருளாதார அறிஞர்கள், உத்தரப் பிரதேசக் கிராமங்களில் 6, 7ஆம் வகுப்பு மாணவரிடையே ஆய்வு நடத்தினர். அதன் முடிவுகள் 2006இல் வெளிவந்தன. உயர்சாதியினர் எனப்பட்ட 321 சிறுவர்களும், தாழ்த்தப்பட்ட சாதிகளைச் சேர்ந்த 321 சிறுவர்களும் இதில் பங்கு பெற்றனர். காகிதத்தில் அச்சிட்ட சுற்றுவழிப் புதிர்களை அவர்கள் விடுவிக்கவேண்டும். ஒரு பிரிவில், விடுவித்த ஒவ்வொரு புதிருக்கும் ஒரு ரூபாய் பரிசு.

சாதியைப் பற்றிய பேச்சே இல்லாதபோது, இரு சாராரும் ஏறக்குறைய ஒரே அளவில் விடுவித்தனர். மற்றொரு முறை, அறுவர் கொண்ட குழுவில் ஒவ்வொரு சிறுவனின் பெயரும், ஊரும், தந்தை, பாட்டன் பெயர்களும், சாதியும் எல்லாரும் கேட்க அறிவிக்கப்பட்டன. புதிர்கள் மாறவில்லை, கொடுத்த நேரமும் மாறவில்லை. ஆயினும், தாழ்த்தப்பட்ட சாதிச் சிறுவர்கள் விடுவித்த புதிர்களின் எண்ணிக்கை குறைந்து, இரு சாராருக்கும் இடையே பெரிய வேறுபாடு தோன்றியது.

எவரும் அச்சிறுவர்களை ஏசவில்லை, வெளியேற்றவும் இல்லை. 'நீ யார் என்பது இங்கே நினைவிலிருக்கிறது' என்று காட்டியதே போதுமானதாயிற்று. தலைமுறை தலைமுறையாக நிகழ்ந்த விலக்கு, ஓர் அறிவிப்பின் வாயிலாக அவ்வறைக்குள் வந்துவிட்டது. பிறகு நாம் அக்குழந்தையின் மதிப்பெண்ணைக் காட்டி, 'இவனுக்கு ஆற்றல் இவ்வளவே' என்கிறோம். நாம் அளந்தது ஆற்றலையன்று, விலக்கின் விளைவையே.

7. விலக்கும் நோயும்: தொழுநோயின் பாடம்

விலக்கு உடலையும் கெடுக்கும் என்பதற்குத் தொழுநோய் தெளிவான சான்று. நோய்க் கிருமியை நார்வே நாட்டு மருத்துவர் ஹான்ஸன் 1873இல் கண்டார். பல மருந்துகளைச் சேர்த்துத் தரும் கூட்டுச் சிகிச்சையை உலக சுகாதார நிறுவனம் 1981இல் பரிந்துரைத்தது. நம் நாட்டில் தேசியத் தொழுநோய் ஒழிப்புத் திட்டம் 1983இல் தொடங்கியது. நோயின் வகைக்கேற்ப 6 அல்லது 12 மாதங்களில் சிகிச்சை முடிகிறது. மருந்து இலவசம். மருந்து உட்கொள்ளத் தொடங்கியபின் நோய் பிறருக்குத் தொற்றுவது விரைவில் நின்றுவிடுகிறது. மக்களில் மிகப் பெரும்பாலோருக்கு இக்கிருமியை எதிர்க்கும் சக்தி இயற்கையாகவே உண்டு.

இவ்வளவு வசதி இருந்தும், 2022ஆம் ஆண்டில் உலகெங்கும் புதிதாகக் கண்டறியப்பட்ட ஏறத்தாழ 1,74,000 நோயாளிகளில் ஏறத்தாழ 1,04,000 பேர் இந்தியர். நோயாளிகள் காலந்தாழ்த்தி வருவதற்கு அறியாமையும் காரணம். விலக்குக்கு அஞ்சுவதும் காரணம். தோலில் உணர்ச்சியற்ற தேமல் தோன்றியபோதே, 'வெளியே தெரிந்தால் மகளுக்கு மணம் கூடாது, கடையில் வியாபாரம் நடவாது' என்று அஞ்சி மறைப்பவர் உண்டு. நரம்பின் செயல் குன்றி ஆறு மாதங்களுக்குள் சிகிச்சை செய்தால் மீட்பதற்கு வாய்ப்பு உண்டு. நாள் செல்லச் செல்ல வாய்ப்பு அருகும். நரம்பு கெட்டபின் உணர்ச்சியற்ற கையில் சூடும் வெட்டும் தெரியாமல் புண்ணாகி, விரல்கள் குறுகுகின்றன. அந்த ஊனத்தைக் கண்டு ஊரார் மேலும் அஞ்சி விலக்குகின்றனர். அதைப் பார்த்த அடுத்த நோயாளி, இன்னும் ஆழமாக மறைக்கிறார்.

இங்ஙனம் விலக்கு மறைப்பையும், மறைப்பு ஊனத்தையும், ஊனம் மீண்டும் விலக்கையும் உண்டாக்குகிறது. இச்சுழலில் கிருமியின் பங்கு ஒரு பாதியே. மறு பாதி நம்முடையது.

8. சட்டத்தின் எல்லை

அரசியலமைப்பின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 1955ஆம் ஆண்டுச் சட்டம் அதனைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015இல் செய்த திருத்தம், பட்டியல் சாதியினர், பழங்குடியினர்மீது சமூக அல்லது பொருளாதாரப் பகிஷ்காரம் விதிப்பதையும், விதிப்பதாக மிரட்டுவதையும் குற்றமாக்கியது. சமூகப் பகிஷ்காரத்தைத் தடுப்பதற்கென்றே மகாராஷ்டிர மாநிலம் 2016இல் இயற்றிய தனிச் சட்டம் 2017இல் அமலுக்கு வந்தது. மூன்றாண்டு வரை சிறையோ, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ அதில் விதிக்கப்படலாம். தொழுநோயாளிகளைப் பிரித்துவைக்க வகைசெய்த 1898ஆம் ஆண்டுச் சட்டம் 2016இல் நீக்கப்பட்டது. தொழுநோயைக் காரணம் காட்டி மணவிலக்குப் பெறும் வழி 2019இல் அடைக்கப்பட்டது.

சட்டம் அறிவித்த விலக்கைத் தண்டிக்க வல்லது. அறிவிக்காத விலக்கை எந்தக் காவலரும் பதிவு செய்ய இயலாது. அங்கே தொடங்குகிறது நம் பணி.

9. நாம் செய்யத்தக்கவை

பள்ளியில்: ஜேக்கப் மொரேனோ 1934இல் வெளியிட்ட நூலில் விளக்கிய முறை இன்றும் பயன்படும். "உன்னருகில் யார் அமர விரும்புகிறாய்?" என்று ஒவ்வொரு மாணவனும் தனித்தாளில் எழுதித் தரச் செய்க. எவராலும் குறிக்கப்படாத பெயர்கள் எவை என்பது தெரியும். "யாரை விரும்பவில்லை?" என்று கேட்கவேண்டா. தாள்களை எவருக்கும் காட்டாதிருத்தல் இன்றியமையாதது. அவ்வாறு கண்ட குழந்தையை அனைவரும் விரும்பும் ஒரு மாணவனுடன் சேர்த்து, இருவரும் கூடினாலன்றி முடியாத வேலையைக் கொடுக்க. குழுக்களைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை மாணவரிடம் விட்டால், கடைசியில் எஞ்சும் பெயர் எப்போதும் ஒன்றாகவே இருக்கும். ஆகையால் குழுக்களை ஆசிரியரே அமைக்க. அமெரிக்க ஆசிரியை விவியன் பேலி, 'நீ விளையாட வரக்கூடாது என்று எவரும் எவரிடமும் சொல்லக்கூடாது' என்னும் ஒரே விதியைத் தம் வகுப்பில் வகுத்து, அதன் அனுபவத்தை 1992இல் நூலாக வெளியிட்டார். அவ்விதி நம் வகுப்புகளுக்கும் ஏற்றதே. "இன்று இவனோடு எவரும் பேசாதீர்கள்" என்று தண்டிப்பதை அறவே விடுக. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, உடல் தண்டனையோடு மனத் துன்புறுத்தலையும் தடை செய்கிறது. வருகைப் பதிவின்போதும் உதவித் தொகை வழங்கும்போதும் எந்தக் குழந்தையின் சாதியும் வகுப்பறையில் ஒலிக்கலாகாது.

களத்தில்: என்ன நிகழ்கிறது என்பதை மட்டுமன்றி, என்ன நிகழவில்லை என்பதையும் கவனிக்க. எந்த வீட்டின் பெயர் கூட்டத்தில் எவர் வாயிலும் வரவில்லை? எந்தப் பெண் எல்லாரும் சென்ற பின்னரே குழாயடிக்கு வருகிறாள்? பகலுணவு வரிசையில் எந்தக் குழந்தைக்குப் பக்கத்தில் இடம் காலியாக இருக்கிறது? தொழுநோயோ காசநோயோ உள்ளவரின் வீட்டுக்குச் செல்லும்போது வாசலில் நின்று பேசாமல், உள்ளே சென்று அமர்க. தண்ணீர் கொடுத்தால் வாங்கிப் பருகுக. தெருவே அதைப் பார்த்துக்கொண்டிருக்கும். நோயாளியின் பெயரையோ நோயையோ பிறரறியப் பேசுதல் கூடாது. மீண்டும் ஊரோடு சேர்வதற்கு அவருக்குள்ள வழியை அது அடைத்துவிடும்.

இவை மிகச் சிறிய செயல்கள் என்று எண்ணவேண்டா. 2012இல் வெளிவந்த ஆய்வொன்றில், அமெரிக்கப் பல்கலைக்கழக வளாகமொன்றில் நடந்து செல்வோரைப் பரிசோதகர் ஒருவர் எதிர்கொண்டார். சிலரைக் கண்ணோடு கண் நோக்கினார்; சிலரை நோக்கிப் புன்னகை செய்தார்; சிலரை, அங்கே வெறுங்காற்றே இருப்பதுபோல் ஊடுருவிப் பார்த்துச் சென்றார். பின்னர் வினவியபோது, நோக்கப்பட்டவர்களைவிட ஊடுருவிப் பார்க்கப்பட்டவர்கள் தனித்துவிடப்பட்ட உணர்வை மிகுதியாகக் கூறினர். முன்பின் அறியாத ஒருவரின் கணநேரப் பார்வைக்கே இத்துணை வலிமை உண்டெனில், நாள்தோறும் வகுப்புக்கு வரும் ஆசிரியர் ஒரு குழந்தையைப் பெயர் சொல்லி அழைப்பதற்கு எவ்வளவு வலிமை இருக்கும் என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

பயிற்சி வினாக்கள்

1. அறிவித்த விலக்கு, அறிவிக்காத விலக்கு ஆகியவற்றின் வேறுபாடு யாது? உங்கள் பணியிடத்திலிருந்து ஒவ்வொன்றுக்கும் ஓர் எடுத்துக்காட்டுத் தருக.

2. விலக்கு தாக்கும் நான்கு தேவைகள் எவை?

3. உத்தரப் பிரதேச ஆய்வில், அறிவிப்புக்குப் பின் மாறியது எது, மாறாதது எது? மாணவரின் மதிப்பெண்களை மதிப்பிடுவதில் இதனால் அறியத்தக்கது யாது?

4. தொழுநோய்க்கு மருந்து இலவசமாகக் கிடைத்தும் நோயாளிகள் காலந்தாழ்த்தி வருவதேன்? இச்சுழலை எந்த இடத்தில் நீங்கள் அறுக்கக்கூடும்?

5. உங்கள் வகுப்பிலோ கிராமத்திலோ சென்ற வாரம் முழுவதும் நீங்கள் ஒருமுறையேனும் பெயர் சொல்லி அழைக்காதவர் யார்? நாளை அவரிடமிருந்தே தொடங்குக.